வலப்பக்கத்துத் திரை

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் ஒன்று, மானிட்டர் இரண்டு, மவுஸும் இரண்டு. ஆனால் திரையில் ஓடும் அம்புக்குறி ஒன்றுதான். நான் இடப்பக்கம் உட்கார்ந்து பிழை திருத்துவேன். என் தங்கை வலப்பக்கம் உட்கார்ந்து பக்கம் வடிவமைப்பாள். ஆளுக்கொரு திசையில் இழுத்தால் அம்பு நடுவில் திண்டாடும்.

"கையை எடுடி!"

"நீ எடு. நான்தான் முதல்ல தொட்டேன்."

எங்கள் அலுவலகத்தின் பேச்சுவார்த்தை இவ்வளவுதான். அச்சகத்துக்குப் புத்தகம் தயார் செய்து கொடுக்கும் பெரிய கம்பெனி, மொத்த ஊழியர்கள் நாங்கள் இருவர். பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட மனமில்லாமல் அதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு ஓடவைத்ததும் தங்கைதான். எனக்கு எழுத்துப்பிழை தெரியும், மற்றதெல்லாம் அவள் பாடு.

ஐம்பத்திரண்டாவது வயதில் அவளுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை பஸ் ஓட்டுகிறவர், நல்ல மனிதர். அதிலும் எனக்குக் கோபம்தான், குறை சொல்லக்கூட ஒன்றும் வைக்கவில்லை. சாமான் கட்டும்போது அவள், "அக்கா, என் மானிட்டர் இங்கயே இருக்கட்டுமா?" என்று இழுத்தாள்.

"உன் பங்கை எதுக்கு இங்க விட்டுட்டுப் போற? தூக்கிட்டுப் போ," என்றேன்.

தூக்கிக்கொண்டு போனாள். பிறகு அவளும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. மூத்தவள் நான் ஏன் இறங்கிப் போக வேண்டும்?

மேசையின் வலது பாதி காலியாகக் கிடந்தது. அங்கே ஒரு டம்ளர்கூட நான் வைக்கவில்லை. மவுஸை வலப்பக்கம் தள்ளினால் அம்பு திரையின் ஓரத்தைத் தாண்டிப் போய்விடும். அங்கே திரை இல்லை, வெறும் சுவர். அவள் போன சேதியைக் கம்ப்யூட்டருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. கொஞ்சம் துழாவினால் அம்பு திரும்பி வரும். நானும் அதைச் சரிசெய்யப் பார்க்கவில்லை. இந்த வீட்டில் அவள் இன்னும் இருப்பதாக நினைக்க அதுவாவது ஒன்று இருந்தது.

வினை ஒருநாள் காலையில் வந்தது. ஒரு புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தில் அட்டவணை ஒன்றை மாற்றி அன்று மாலைக்குள் அனுப்ப வேண்டும். "இன்னிக்கு வரலைன்னா வேற ஆள்கிட்ட கொடுத்துடுவேன்மா, கோச்சுக்காதீங்க," என்று அச்சகக்காரர் சொல்லிவிட்டார். என்னிடம் இருந்த வேலை அது ஒன்றுதான். வடிவமைப்பு மென்பொருளைத் திறந்தேன். திறந்தது, ஆனால் கண்ணில் படவில்லை. அவள் எப்போதும் வலப்பக்கம்தான் அதைத் திறந்து வைப்பாள். அது பழக்கம் மாறாமல் அங்கேயே போய் உட்கார்ந்துகொண்டது, சுவருக்குள்.

தெருமுனைக் கடையில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவனுக்குப் போன் செய்தேன். "லினக்ஸா? அணைச்சுப் போட்டுப் பாருங்க," என்று சொல்லிக் கை கழுவிவிட்டான். அணைத்துப் போட்டேன். மறுபடியும் சுவருக்குள்.

சரி, நாமே பார்ப்போம் என்று திரை அமைப்புகளுக்குள் போனேன். ஒன்று, இரண்டு என்று இரண்டு பெட்டிகள். மூத்தவள் நான், ஒன்று என்னுடையது. இளையவள் அவள், இரண்டு அவளுடையது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இரண்டை அணைத்தேன்.

என் திரை இருட்டிப்போனது.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேனே என்று பதறிப்போய் உட்கார்ந்திருந்தேன். நான் சரி என்று அழுத்தாததால் கம்ப்யூட்டரே பழையபடி மாற்றிக்கொண்டதோ என்னவோ, சிறிது நேரத்தில் தானாகவே வெளிச்சம் வந்தது. இனி எதையும் தொடும் தைரியம் எனக்கு இல்லை. மானத்தை ஓரமாக வைத்துவிட்டுத் தங்கையைக் கூப்பிட்டேன்.

நடந்ததைக் கேட்டுச் சிரித்தாள். "அக்கா, அதுக்கு மூத்தவ இளையவ எல்லாம் தெரியுமா? எந்த ஓட்டையில வயர் சொருகியிருக்கோ அந்த நம்பர்தான்."

"சிரிச்சது போதும். வழியைச் சொல்லு."

"கம்ப்யூட்டருக்குப் பின்னாடி பாரு. என் மானிட்டர் வயரை மாட்டுற கன்வெர்ட்டர், சின்னதா கறுப்பா தொங்குதா? மானிட்டரையும் வயரையும் எடுத்துட்டு அதை மட்டும் மறந்துட்டேன். அது இருக்கிற வரைக்கும் என் மானிட்டர் அங்கதான் இருக்குன்னு கம்ப்யூட்டர் நினைச்சுக்கும். பிடுங்கிடு."

மேசைக்கடியில் தவழ்ந்து போனேன். தூசி மூக்கில் ஏறியது. சுண்டுவிரல் நீளம் இருக்கும். பிடித்தேன், பிடுங்க மனம் வரவில்லை.

"பிடுங்கிட்டியா?"

"இருடி."

பிடுங்கினேன். சுவருக்குள் இருந்த பக்கம் என் திரைக்குத் தாவி வந்தது. மவுஸை வலப்பக்கம் தள்ளிப் பார்த்தேன். அம்பு ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றது.

"வந்துடுச்சு," என்றேன்.

"நல்லது." ஆனால் போனை வைக்கவில்லை. "அவர் வண்டிக்குப் போனா ராத்திரிதான் வருவார். வீடே சத்தமில்லாம இருக்கும். ஏதாவது கோளாறுன்னா கூப்பிடு."

"கோளாறு வந்தா பார்ப்போம்," என்று வைத்துவிட்டேன்.

அட்டவணையை முடித்து மாலைக்குள் அனுப்பினேன். அச்சகக்காரர் நன்றி சொன்னார். கறுப்புக் கன்வெர்ட்டர் மேசையின் வலது பாதியில் தனியாகக் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். சோற்றைப் பாதியில் வைத்தேன். எழுந்து போய், முழங்கால் வலிக்க மறுபடியும் தவழ்ந்து, இருந்த இடத்திலேயே அதைச் சொருகினேன்.

மறுநாள் காலை மென்பொருளைத் திறந்து வலப்பக்கம் இழுத்து விட்டேன். நல்லபடியாகச் சுவருக்குள் போனது. போனை எடுத்தேன். ஒரே மணியில் எடுத்தாள்.

"மறுபடியும் காணோம்டி," என்றேன்.

"எப்படிப் போகும்? நீதான் பிடுங்கிட்டியே..." என்று தொடங்கியவள் நிறுத்திவிட்டாள். நான் அம்பை வலப்பக்கம் தள்ளிச் சுவருக்குள் அனுப்பினேன்.

"சரி," என்றாள் மெதுவாக. "அவசரம் ஒண்ணும் இல்லையே?"

"இல்ல."

"அப்போ அது கிடக்கட்டும். நீ சாப்பிட்டியா?"