வள்ளியம்மா பேருக்குப் பூஜை போட்ட பஸ்

1994 ஆயுத பூஜைக்கு மறுநாள் முதல், பெங்களூர் நீலசந்திராவில் முனிராஜ் நடத்திய டிரைவிங் ஸ்கூலின் பஸ், வள்ளியம்மா சாவியைத் திருகினால் மட்டுமே கிளம்பியது. மற்றவர்கள் திருகினால் ஒரு தும்மல் தும்மிவிட்டு அடங்கிவிடும். மெக்கானிக்குகள் வந்து பார்த்து, இன்ஜினில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லி, டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

தப்பு பூஜையில் நடந்தது. முனிராஜ் பூசணிக்காய் வாங்கப் போயிருந்தார். தெரு முழுக்க வண்டிகள் காத்திருந்ததால் அவசரமாக வந்த பூசாரி, பஸ்ஸின் முகப்பைத் துடைத்துக்கொண்டிருந்தவளிடம் பேரும் நட்சத்திரமும் கேட்டார். ஓட்டப் பழக வந்த வள்ளியம்மா, கோயிலில் கேட்டால் சொல்வதைப்போலவே, "வள்ளியம்மா, ரேவதி" என்றாள். வண்டியின் சொந்தக்காரர் பேரைச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. கற்பூரம் காட்டியாயிற்று, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழமும் நசுங்கியாயிற்று. "சாமியே உன் பேர்ல எழுதிட்டாரு, நான் யாருகிட்ட போயி நியாயம் கேக்கறது?" என்று சலித்துக்கொண்ட முனிராஜ், மற்றவர்கள் பழக வாடகைக்கு ஒரு பஸ் பிடித்தார்.

வள்ளியம்மாவுக்கு இதில் பூரித்துப்போக நேரமில்லை. அவள் பள்ளிக் குழந்தைகளை ஏற்றிப்போகும் மெட்டடோர் வேனை நிறுத்திவிட்டு, பள்ளிக்கூடம் பஸ் வாங்க இருந்தது. அடுத்த ஜூனுக்குள் ஹெவி லைசென்ஸ் வாங்காவிட்டால் வேலை போய்விடும்.

டெஸ்ட் மைதானத்துக்கு அவளுக்கு முன்பே அவள் கதை போய்ச் சேர்ந்திருந்தது. வண்டியே இவள் பேச்சைக் கேட்குமென்றால் டெஸ்ட் யாருக்கு என்று இன்ஸ்பெக்டர் யோசித்தார். "பேரே காடி தகொண்டு பாம்மா" என்றார் கன்னடத்தில். வேறு வண்டி கொண்டுவரச் சொல்கிறார். வள்ளியம்மாவுக்கும் அது நியாயமாகவே பட்டது. அவள் குணம் அப்படி.

முனிராஜின் வாடகை பஸ் வந்தது. கிளட்ச் கல் மாதிரி இருந்தது, ஸ்டீரிங் ஒரு சாண் ஆடியது. அவளை அதற்கு யாரென்றே தெரியாது. முந்தானையைச் சொருகிக்கொண்டு ஏறினாள். வளைந்து வளைந்து நட்டிருந்த கம்புகளில் ஒன்றைக்கூடத் தொடாமல் ரிவர்ஸில் கொண்டுபோய் நிறுத்தினாள். அந்த நிமிடம், மைதான வாசலில் ஆளில்லாமல் நின்ற அவளுடைய பஸ் தன்பாட்டுக்கு ஹாரன் அடிக்க ஆரம்பித்தது. பொறாமை என்றார்கள் சிலர், சந்தோஷம் என்றார்கள் சிலர். இன்ஸ்பெக்டர் ஒரு காதைப் பொத்திக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அன்று நீலசந்திராவே தலை நிமிர்ந்து நடந்தது.

பிறகு முனிராஜ் அந்த பஸ்ஸைப் பள்ளிக்கே விற்றுவிட்டார். வள்ளியம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் பள்ளிக்கு லீவு, யாரும் ஏனென்று கேட்டதில்லை. 2003இல் புதிதாக வேலைக்கு வந்த தாரணி டீச்சர்தான், "அக்கா, இந்த பஸ்ஸு நீங்க சொன்னாத்தான் கேக்குமாமே?" என்றாள்.

"அது பூசாரி பண்ண வேலைம்மா. லைசென்சு நான் வாங்கினது" என்றாள் வள்ளியம்மா.

தாரணி ஏறி உட்கார்ந்தாள். வள்ளியம்மா சாவியைத் திருகினாள், பஸ் கிளம்பியது.