தங்கைக்காக இளைத்தவன்

பேக்கரியில் அவனை எல்லாரும் மூட்டை என்றுதான் கூப்பிட்டார்கள். மாவு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் படியேறினால் எது மூட்டை, எது ஆள் என்று தெரியாது என்பது அங்கே பழைய கேலி. அவனும் சேர்ந்து சிரிப்பான். நாற்பதைத் தாண்டிய ஆள். கல்யாணம் கூடிவரவில்லை. அம்மாவோடு இரண்டு அறை வீட்டில் இருந்தான். அடுப்பிலிருந்து தட்டுகள் வெளியே வந்ததும் உடைந்த பன், ஓரம் கருகிய கேக், அச்சில் ஒட்டிக்கொண்ட துண்டு எல்லாம் அவன் வாய்க்குத்தான் போகும். "வீணாப் போகக் கூடாதே" என்பான்.

அவனுக்கு அடுத்தவள் தங்கை. கார் ஓட்டச் சொல்லித்தரும் பள்ளியில் வேலை பார்த்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நடுங்குகிறவர்களிடம், "பயப்படாதீங்க, எங்கிட்டயும் ஒரு பிரேக் இருக்கு" என்று சொல்லிச் சொல்லி அவள் குரலே அப்படி ஆகிவிட்டது. வீட்டில் யாராவது பதறினாலும் அதே குரலில்தான் பேசுவாள். கடைக்குட்டி தம்பி ஜிம் வைத்திருந்தான். வெளியே அவனுக்கு மாஸ்டர் என்று பெயர். செதுக்கி வைத்ததுபோல உடம்பு. ஜிம் வாசலில் அவன் கையை மடக்கிக்கொண்டு நிற்கும் படம் ஆள் உயரத்துக்கு ஒட்டியிருக்கும். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் பாதிப் பேர் உள்ளே வருவார்கள்.

தங்கைக்கு முதலில் கண் மஞ்சளித்தது. பிறகு கால் வீங்கியது. அவளுடைய உடம்பே அவளுடைய ஈரலைத் தின்றுகொண்டிருக்கிறது என்றும், மருந்து இனி கேட்காது என்றும் டாக்டரம்மா சொன்னார். வேறு ஈரல்தான் வைக்க வேண்டும். உயிரோடு இருக்கிற ஒருவர் தன் ஈரலில் பாதிக்கு மேல் வெட்டிக் கொடுக்கலாம், கொடுத்தவருக்கு அது திரும்ப வளர்ந்துவிடும்.

அவள் புருஷனுடைய ரத்தம் சேரவில்லை. அம்மாவுக்கு வயதாகிவிட்டது. மிச்சம் இருந்தது அண்ணனும் தம்பியும். அன்றைக்கு அம்மா வீட்டில் எல்லாரும் கூடியிருந்தபோது ஒருத்தர் பாக்கியில்லாமல் மாஸ்டரைத்தான் பார்த்தார்கள். மூட்டை கூட அவனைத்தான் பார்த்தான்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றான் மாஸ்டர்.

சில நாள் கழித்து வந்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "என்னால முடியாது. உடம்புதான் என் தொழில். வயித்துக்குக் குறுக்க அவ்வளவு பெரிய தழும்போட எவன் முன்னாடி போய் நிப்பேன்?" என்றான்.

அம்மா அவன் செருப்பைப் பார்த்தாள். பிறகு, "நீ இனிமே இந்த வீட்டுக்கு வராதே" என்றாள். சத்தம் போடாமல்தான் சொன்னாள்.

அப்படித்தான் மூட்டையின் முறை வந்தது. டாக்டரம்மா அவனைப் படுக்க வைத்து வயிற்றில் கருவியை வைத்துத் தேய்த்தார். நெற்றி சுருங்கியது.

"ஈரல் முழுக்கக் கொழுப்பா இருக்குங்க. இதுல பாதியை எடுத்து வச்சா உங்க தங்கச்சிக்கும் வேலை செய்யாது, மிச்சம் உங்களுக்கும் பத்தாது."

"கரைக்க முடியாதா?"

"முடியும். மருந்தெல்லாம் இல்லை. சாப்பாட்டைக் குறைக்கணும், உடம்பை அசைக்கணும். அவங்களுக்கு நாள் அதிகம் இல்லை. ஆனா பட்டினி கிடந்து கெடுத்துக்காதீங்க."

ஆஸ்பத்திரி வாசலில் மாஸ்டர் பைக்கோடு நின்றிருந்தான். யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. "நாளையிலேருந்து வேலை முடிஞ்சதும் ஜிம்முக்கு வா" என்றான்.

"வெட்கமா இல்லை உனக்கு?"

"திட்டறதை அங்க வந்து திட்டு. வா."

மூட்டைக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் வேறு யாரிடம் போவது என்றும் தெரியவில்லை. மறுநாள் மாவு படிந்த பேண்டோடு போய் நின்றான்.

முதல் வாரம் அவன் நடந்தான். டிரெட்மில்லின் ஓடும் பட்டையின் மேல் வெறும் நடைதான், அதற்கே நாய்போல மூச்சு வாங்கியது. கண்ணாடிச் சுவர் முழுக்க அவன் தொப்பைதான் தெரிந்தது. பக்கத்தில் எடை தூக்கியவர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, கடைசியில் தரையில் படுத்துத் தள்ளுவது என்று மாஸ்டர் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினான். மூட்டை விழுந்தால் தூக்கிவிட மாட்டான். பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "எழுந்திரு அண்ணா, எழுந்திரு" என்று சொல்லிக்கொண்டே இருப்பான். அவன் மேல் இருந்த கோபத்திலேயே மூட்டை எழுந்தான்.

சாப்பாட்டிலும் மாஸ்டர் கண்டிப்பாக இருந்தான். காய், அவித்த முட்டை, கோழி என்றால் தோலை உரித்தது, சோறு ஒரு கைப்பிடி, சர்க்கரை அறவே கிடையாது. ஜிம்முக்கு வரும் ஒருவர் நல்லெண்ணத்தில் ஒரு டப்பாவை நீட்டி, "இந்தப் பொடியைக் கலந்து குடிங்க, சட்டுனு இறங்கும்" என்றபோது மாஸ்டர் அதைப் பிடுங்கிக் குப்பையில் வீசினான். "இவருக்குப் பொடி, மாத்திரை எதையாவது குடுத்தீங்கன்னா கையை ஒடிச்சிருவேன்" என்று கத்தினான். எல்லாரும் திகைத்துப் போனார்கள். ஈரலுக்கு எது ஆகும், எது ஆகாது என்று அவன் டாக்டரம்மா அளவுக்குப் பேசினான். எங்கே படித்தான் என்று மூட்டை கேட்டுக்கொள்ளவில்லை.

பேக்கரிதான் நரகமாகிவிட்டது. வெண்ணெய் உருகும் வாசனையில் அவனுக்கு வாயில் எச்சில் ஊறி, கண்ணில் தண்ணீர் வரும். உடைந்த பன்களை ஒரு கூடையில் போட்டுவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு மாவு பிசைவான். ஒருநாள் தன்னை அறியாமல் ஒரு துண்டு வாய்க்குப் போய்விட்டது. கழுவும் தொட்டியில் துப்பிவிட்டு, குழாயைத் திறந்தபடி அங்கேயே நின்று அழுதான். பக்கத்தில் நின்றவர்கள் கேலி செய்வதை அன்றோடு விட்டார்கள்.

வாரம் ஒருமுறை தங்கையைப் பார்க்கப் போவான். அவள் கையும் கன்னமும் ஒட்டிப்போய், வயிறு மட்டும் நீர் கோத்து உப்பியிருக்கும். ஊசி போட்டு நீரை இறக்குவார்கள், திரும்பச் சேரும்.

"உன் தொப்பையை எங்க தொலைச்சேன்னு தேடாதே அண்ணா, எங்கிட்டதான் வந்திருக்கு" என்றாள் ஒருநாள்.

"வாயை மூடு. பேசினா உனக்கு மூச்சு வாங்குது."

"பேசாம இருந்தா தூக்கம் வருது. தூங்கினா எழுந்திருக்கப் பயமா இருக்கு." கொஞ்ச நேரம் கழித்து, "தம்பி எப்படி இருக்கான்?" என்று கேட்டாள்.

"கல்லு மாதிரி இருக்கான்."

"அவனைத் திட்டாதே. கேட்டு வாங்கற பொருளா இது? எனக்கு ஒண்ணு தோணுது, அவன் வந்து என் பக்கத்துல உக்காரணும். அவ்வளவுதான். வரச் சொல்றியா?"

மூட்டை சொன்னான். மாஸ்டர் வரவில்லை. "அவ முகத்தைப் பார்த்தா என்னால முடியாது" என்றான். அன்றைக்கு மூட்டையை வழக்கத்தை விட அதிக நேரம் ஓடவிட்டான்.

மழை பிடித்த சமயத்தில் மூட்டையின் பழைய பேண்டுகள் எதுவும் இடுப்பில் நிற்கவில்லை. கழுத்து என்று ஒன்று வெளியே வந்தது. இரண்டு மாவு மூட்டையோடு படியேறியும் மூச்சு வாங்கவில்லை. டாக்டரம்மா மறுபடி கருவியை வைத்துத் தேய்த்தார், ஊசி குத்தி ஒரு துளி சதையையும் எடுத்துப் பார்த்தார். மறுநாள் அவரே கூப்பிட்டார்.

"நம்பவே முடியலைங்க. சுத்தமா இருக்கு. வர்ற திங்கட்கிழமை வச்சுக்கலாம்."

மூட்டை ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் தங்கையின் புருஷனைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். அம்மாவுக்குப் போன் செய்தபோது அவள் அழுதபடியே போனைக் கீழே வைத்துவிட்டாள். ஜிம்முக்குப் போய்ச் சொன்னபோது மாஸ்டர் கண்ணாடிப் பக்கம் திரும்பி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான். அவன் தோள் குலுங்கியதைக் கண்ணாடியில் மூட்டை பார்த்தான்.

சனிக்கிழமை தங்கைக்குக் காய்ச்சல் வந்தது. வயிற்று நீரில் கிருமி சேர்ந்து ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். ஞாயிறு மத்தியானம் அவளுக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. கையை நீட்டி நீட்டி எதையோ திருப்பப் பார்த்தாள். வண்டி ஓட்டுகிறாள் என்று அவள் புருஷனுக்கு மட்டும் புரிந்தது.

"நான்தான் தயாரா இருக்கேனே. இப்பவே எடுத்து வைங்க" என்று மூட்டை டாக்டரம்மாவின் வழியை மறித்துக்கொண்டு நின்றான்.

"நீங்க தயாரா இருக்கீங்க. அவங்க உடம்பு இப்ப கத்தியைத் தாங்காதுங்க."

"காய்ச்சல் இறங்கினா?"

"இறங்கினா நானே உங்களைத் தேடி வருவேன்."

இறங்கவில்லை. திங்கட்கிழமை விடிந்தபோது அவள் போய்ச் சேர்ந்திருந்தாள்.

துக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேருக்கு மூட்டையை அடையாளம் தெரியவில்லை. தெரிந்தவர்கள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அழுது முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனை மேலும் கீழும் பார்த்தார்கள். "ஆளே மாறிட்டியேப்பா! பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கே. என்ன சாப்பிடறே?" என்று தூரத்து மாமா ஒருவர் காதோடு கேட்டார். அவருக்கும் தொப்பை இருந்தது. மூட்டை எழுந்து வெளியே போனான்.

நேராக ஜிம்முக்குப் போனான். மாஸ்டர் கதவைப் பாதி சாத்திவிட்டுத் தனியாக உட்கார்ந்திருந்தான். மூட்டை அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கினான். முன்னால் என்றால் முடிந்திருக்காது. இந்தக் கைக்கு அந்த பலத்தைக் கொடுத்தவனே அவன்தான்.

"எனக்கு இளைக்கவே மாசக்கணக்கா ஆச்சுடா. உனக்கு இளைக்க வேண்டியதே இல்லையே. அன்னிக்கே படுத்திருந்தா இன்னிக்கு அவ வண்டி ஓட்டிக்கிட்டிருப்பா. ஒரு தழும்புக்காக அக்காவைக் கொன்னுட்டியேடா!"

"கொடுக்கற மாதிரி ஒண்ணு எங்கிட்ட இருந்தா குடுத்திருக்க மாட்டேனா?" என்றான் மாஸ்டர்.

மூட்டைக்குப் புரியவில்லை.

"யோசிச்சுச் சொல்றேன்னு போனேன்ல, மறுநாளே டாக்டரம்மாகிட்டதான் போனேன். படுக்க வச்சுப் பார்த்தாங்க. என் ஈரல்ல கட்டி கட்டியா இருக்காம். ஆணழகன் போட்டிக்குப் போன காலத்துலேருந்து சதை ஏத்தற ஊசி போடறேன் அண்ணா, மாத்திரையும் போடறேன். இல்லாட்டி இந்த உடம்பு வருமா? வெளிய சொல்லாதீங்கன்னு அவங்க கால்ல விழாத குறையாக் கெஞ்சினேன்."

"எங்ககிட்ட சொல்றதுக்கு என்ன?"

"அக்காவுக்குத் தெரிஞ்சா அவ சாவை விட்டுட்டு என்னை நினைச்சுக் கவலைப்படுவா. அது ஒண்ணு. இன்னொண்ணு..." மாஸ்டர் கண்ணாடியைப் பார்த்தான். "கல்நெஞ்சக்காரன்னு பேர் வந்தாலும் ஜிம்முக்கு ஆள் வரும். பொய் உடம்புன்னு தெரிஞ்சா எவன் வருவான்?"

மூட்டை சட்டையை விட்டான். "அந்தக் கட்டி என்ன ஆகும்?"

"இப்போதைக்குக் கெட்டது இல்லையாம். ஊசியை நிறுத்தினா சுருங்கலாம். போட்டுக்கிட்டே இருந்தா கேன்சராகவும் மாறலாம்."

"நிறுத்திட்டியா?"

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டான். மூட்டை அவனை அறைந்தான். ஒரே அறை. பிறகு அவன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

ஊசியையும் மாத்திரையையும் மூட்டைதான் கூடவே இருந்து நிறுத்தவைத்தான். டாக்டரம்மாவிடம் அவனை இழுத்துக்கொண்டு போனான். மாஸ்டரின் தோள் இறங்கியது, மார்பு தொய்ந்தது, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தான். சில நாள் படுக்கையை விட்டு எழவே இல்லை. ஜிம்முக்கு வருகிறவர்கள் வாசல் படத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மெல்ல வேறு இடம் தேடிக்கொண்டார்கள். கட்டிகள் வளரவில்லை, சுருங்கவும் இல்லை, பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார் டாக்டரம்மா.

மூட்டையும் பழையபடி ஆகிக்கொண்டிருந்தான். யாருக்காக வாயைக் கட்டுவது? உடைந்த பன் மறுபடி அவன் வாய்க்கே போனது. வீட்டில் அம்மா கேட்காமலே சோற்றை அள்ளி அள்ளி வைத்தாள். ஒரு பிள்ளையாவது வயிறார இருக்கட்டும் என்பாள்.

அப்படி ஒரு மத்தியானம், இரண்டாம் முறை சோறு வைத்துக்கொண்டே அம்மா ஆரம்பித்தாள். "அவன் ஜிம்முக்கு இப்ப யாருமே போறதில்லையாமே. நல்லா வேணும். என் பொண்ணைச் சாக விட்டுட்டு உடம்பைப் பார்த்துக்கிட்டவன்தானே. அவன் நாசமாப் போகட்டும்."

"அம்மா, அப்படிச் சொல்லாதே."

"ஏன் சொல்லக் கூடாது? நூறு தடவை சொல்லுவேன்."

தம்பி யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தான். மூட்டை தட்டைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். ஊசி, மாத்திரை, கட்டி, அவன் மறுநாளே போய்ப் படுத்தது எல்லாம். அம்மா கரண்டியைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்படின்னா," என்றாள் கடைசியில், "அவனுக்கும் அவளை மாதிரி ஆயிடுமா?"

"தெரியலைம்மா. ஆகலாம். ஆகாமலும் போகலாம்."

"ஆயிட்டா? அப்ப யார் குடுக்கறது?"

அம்மா அவனையே பார்த்தாள். அவன் கன்னத்தை, மறுபடி சதை வைக்கத் தொடங்கியிருந்த கழுத்தை, மேஜை விளிம்பில் இடிக்கும் வயிற்றைப் பார்த்தாள். பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அவன் தட்டிலிருந்து சோற்றைக் கையாலேயே வழித்துப் பாத்திரத்தில் திரும்பப் போட்டாள். ஒரு கைப்பிடி மட்டும் மிச்சம் வைத்தாள்.

"போதும். எழுந்திரு" என்றாள்.

மூட்டை எழுந்து கையைக் கழுவினான்.