மூணு அடி தூக்கின வீடு

நான் வீடு தூக்குறவன். கதை இல்லைங்க, நிஜமாவே தூக்குவேன். சுவருக்கு அடியில வரிசையா ஜாக்கி வெச்சு, ஆளுங்க எல்லாரும் ஒரே நேரத்துல ஒரு சுத்து சுத்தினா, வீடு அரிசி அளவு மேல வரும். அப்படியே நாள் பூரா சுத்தணும். அதனால எனக்குப் பேரே ஜாக்கின்னு ஆகிப்போச்சு.

எங்க அக்கா வீட்டையும் நான்தான் தூக்கினேன். அதுக்கு முன்னாடி வந்த வெள்ளத்துல அவ வீட்டுக்குள்ள ரெண்டு அடி தண்ணி நின்னுச்சு, கட்டில் மெத்தையைத் தொடுற உயரம். மாமா அப்ப நல்லா நடமாடிட்டு இருந்தார். தண்ணி வடிஞ்சதும் சுவர்ல கறை படிஞ்ச இடத்துல சிவப்பு பெயிண்டால ஒரு கோடு இழுத்துவிட்டார். அப்புறம் பக்கவாதம் வந்து வலது பக்கம் மொத்தமா விழுந்துடுச்சு. பேச்சும் போச்சு. படுத்த படுக்கையா கிடக்குற மனுஷனை வெச்சுக்கிட்டு இன்னொரு வெள்ளத்துல அக்கா என்ன பண்ணுவா? அந்தக் கவலையிலதான் வீட்டை, சுவர்ல இருந்த கோட்டோட சேர்த்து, மூணு அடி தூக்கினேன். அதைப் பார்த்து அந்தத் தெருவுல இன்னும் பதிமூணு வீட்டுக்காரங்க என்னைக் கூப்பிட்டாங்க.

தூக்குறப்ப பழைய தரையை உடைக்கணும். அந்த இடிசலை எல்லாம் தெருவுக்குப் பின்னாடி சும்மா கிடந்த கோரைப் பள்ளத்துல கொட்டினேன். நான் பிள்ளையார் சுழி போட்டேன், ஊர்ல இடிச்ச கட்டடம் மொத்தமும் லாரி லாரியா அங்கேயே வந்து சேர்ந்துச்சு. நல்லா மேடானதும் ஜாக்கி வைக்க ஒரு ஷெட் போட்டுக்கிட்டேன். கொசு ஒழிஞ்சதுன்னு தெருவே என்னை மெச்சிச்சு.

இந்தத் தடவை மழை பிடிச்சதும், தாழ்வான இடத்துல இருக்கிறவங்க முகாமுக்கு வரணும்னு வண்டியில மைக் வெச்சு சொல்லிட்டே போனாங்க. போகவா வேண்டாமான்னு அக்கா போன்ல கேட்டா. எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துடுச்சு. நான் தூக்கின வீடு தாழ்வான இடமா? "அந்தக் கோட்டுக்கு வரணும்னா தண்ணி மூணு அடி கூட ஏறி வரணும். பேசாம வீட்டுலயே இரு"ன்னேன். வாசலுக்கு வந்த வண்டியை அவ திருப்பி அனுப்பிட்டா.

மறுநாள் காலையில பத்து மணிக்கு அக்கா கூப்பிட்டு, வீட்டுக்குள்ள தண்ணி வந்துடுச்சுன்னா. சாரலா இருக்கும், ஜன்னலைச் சாத்துன்னு எரிஞ்சு விழுந்தேன். ஒரு மணி நேரம் கழிச்சு மறுபடி கூப்பிட்டு, "கோட்டுக்கு வந்துடுச்சுடா"ன்னா. எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை.

ஒரு படகுக்காரர் கையைக் காலைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனேன். உள்ளே மாமா முதுகு நனைய கட்டில்ல கிடக்கிறார். அக்கா பின்னால நின்னு அவர் தலையைத் தூக்கிப் பிடிச்சிருக்கா. தண்ணி சரியா அந்தச் சிவப்புக் கோட்டுல நிக்குது. கோட்டுக்கு ஒரு நூல் மேலயும் இல்லை, கீழயும் இல்லை. மூணு அடி தூக்கின வீட்டுல அதே கோட்டுல எப்படி வரும்? வீடு திரும்ப இறங்கிடுச்சோன்னு பயந்துட்டேன். மாமாவை அப்படியே விட்டுட்டு, வெளியே போய் மூக்கைப் பிடிச்சு முங்கி, நான் புதுசா வெச்ச செங்கல் வரிசையைத் தடவித் தடவி எண்ணினேன். மூணு அடிக்குப் பன்னெண்டு வரிசை, பன்னெண்டும் இருந்துச்சு. மழையாவது போன தடவையை விட அதிகமான்னா, கம்மின்னுதான் ரேடியோவுல சொன்னான். அப்ப இந்தத் தண்ணி எங்கிருந்துதான் வந்துச்சு? கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி நின்னேன். அக்கா உள்ளே இருந்து, "அப்புறமா எண்ணிக்கலாம், முதல்ல இவரைத் தூக்கு"ன்னா.

மாமாவைப் போர்வையோட தூக்கிப் படகுல போட்டோம். காய்ஞ்ச இடம் எங்கே இருக்குன்னு படகுக்காரர் கேட்டார். யோசிக்காம என் ஷெட்டுக்கு வழி சொன்னேன். பத்து நிமிஷம்தான். சுத்துவட்டாரமே முங்கிக் கிடக்க, அங்க மட்டும் கால் நனையலை. ஜாக்கி எல்லாம் அடுக்கின மேனிக்கு இருந்துச்சு. மாமாவைப் பலகை மேல படுக்க வெச்சு, முதுகைத் துடைச்சுவிட்டேன். அப்பவும் எனக்கு வாய் ஓயலை. செங்கல் இருக்கு, அளவு சரி, மழையும் கம்மி, எங்கேதான் தப்பாச்சுன்னு அக்காகிட்டயே புலம்பிட்டு இருந்தேன்.

ரெண்டு வருஷமா மாமாவை விட்டு வெளியே வராதவ அவ. மாமாவுக்குக் காத்து ஆகாதுன்னு பின் ஜன்னலையும் சாத்தியே வெச்சிருந்தா. என் ஷெட்டுப் பக்கம் வந்ததே இல்லை. சுத்திப் பார்த்தா. தெரு ஓரமா தெரிஞ்ச தன் வீட்டுப் பின் ஜன்னலையும் பார்த்தா.

"எங்க ஜன்னலுக்கு நேரா ஒரு கோரைப் பள்ளம் இருக்குமே, அது எங்கடா?"

"அது மேல தான்க்கா நிக்கிற."

"அப்ப அதுல இருந்த தண்ணி?"

பலகையில கிடந்த மாமா இடது கையை மெதுவா எடுத்து, தன் வீட்டுப் பக்கம் நீட்டினார்.