வரிசைக் கல்

"சாமியே இல்லாம ஒரு மதமா? இன்னா தங்கச்சி, உப்பு போடாம சாம்பார் வெச்ச மாதிரி கீது!" என்றான் மதுரைவீரன்.

1993, மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை. முகப்பேர் ஹவுசிங் போர்டு குடியிருப்பின் மொட்டை மாடியில் நான்கு பேர். ஞானகுமாரி தான் எழுதிய ஆறு பக்கங்களை அப்போதுதான் வாசித்து முடித்திருந்தாள்.

ஆட்டம் தேவராஜுடையது. அவன் அம்பத்தூர் எஸ்டேட்டில் டிராஃப்ட்ஸ்மேன். ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம் ஒன்றைப் பற்றி ஏதோ பழைய ஆங்கிலப் பத்திரிகையில் படித்துவிட்டு, தானே ஒன்றை உருவாக்கினான். முந்நூறு வருஷமாகப் போய்க்கொண்டே இருக்கும் ஒரு விண்கப்பல். உள்ளே ஆயிரம் பேர். பூமியிலிருந்து கிளம்பியவர்கள் எல்லோரும் எப்போதோ செத்துப்போனார்கள். இப்போது இருப்பவர்கள் கப்பலிலேயே பிறந்தவர்கள். மில்லிங் மெஷின் ஓட்டும் மதுரைவீரன் பித்தளையில் எட்டு முகப் பகடை செய்து கொடுத்தான். ஆட்டத்தில் அவன் கப்பல் மெக்கானிக். ஞானாவின் அண்ணன் அந்தோணிராஜ் கேப்டன்.

ஞானாவுக்குப் பாத்திரம் கிடையாது. வாராவாரம் நடந்ததை நோட்டில் எழுதுவது அவள் வேலை. ஏழு மாதமாக எழுதினாள். தானும் உட்கார்ந்து அந்தப் பகடையை உருட்ட வேண்டும் என்று ஏழு மாதமாகவே ஆசை. கேட்கத்தான் கூச்சம்.

ஏப்ரலில் தேவராஜ், கப்பலுக்கு ஒரு மதம் வேண்டும் என்றான். அந்தோணி கொண்டுவந்தது அப்படியே ஞாயிற்றுக்கிழமைப் பூசை. மதுரைவீரனுடைய மதத்தில் ஆடி மாதம் கூழ் ஊற்றினார்கள். "நட்சத்திரத்துக்கு நடுவுல ஆடி மாசம் எங்கேருந்துடா வரும்?" என்று தேவராஜ் இரண்டையும் தள்ளிவிட்டான். அப்போதுதான் ஞானா, நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "நான் எழுதட்டுமா அண்ணா?" என்று கேட்டாள்.

"எழுது. ஆட்டத்துல அது நின்னுச்சுன்னா உனக்கும் ஒரு பாத்திரம்."

இரண்டு வாரம் ஒன்றும் ஓடவில்லை. தண்ணீர் லாரி வரிசையில்தான் அது கிடைத்தது.

அந்த வருஷம் குழாயில் காற்றுதான் வந்தது. லாரி ஒருநாள் விட்டு ஒருநாள். குடத்தை வைத்துவிட்டுப் போனால் குடம் காணாமல் போகும். அதனால் வரிசையில் ஆளுக்கொரு கல். செங்கல், ஜல்லி, உடைந்த அம்மி. யார் கல் எது என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு குடம் தண்ணீருக்கு முடியைப் பிடித்துக்கொள்பவர்கள்கூட இன்னொருவர் கல்லை நகர்த்த மாட்டார்கள். கீழ் வீட்டுப் பொன்னியம்மா ஒருநாள் திடீரென்று நெஞ்சுவலியில் போய்விட்டாள். அவள் வைத்திருந்த அம்மித் துண்டு நாலாவது இடத்தில் அப்படியே கிடந்தது. மறுநாள் லாரி வந்தபோது ஐந்தாவதாக நின்றவள் கஸ்தூரி. வாயைத் திறந்தால் தெருவே ஒதுங்கும் அந்தக் கஸ்தூரி, பொன்னியம்மா வீட்டுக் குடத்தை வாங்கி முதலில் நிரப்பினாள். பிறகுதான் தன் குடத்தை வைத்தாள்.

ஞானா வீட்டுக்குப் போனதும் எழுத உட்கார்ந்தாள்.

கப்பலில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும், கப்பல் உலையில் உலோகம் உருக்கி மிஞ்சிய கசடிலிருந்து ஒரு கல். இறங்கும் கதவிலிருந்து ஒரு நீண்ட வரிசை. அதன் கடைசியில் அந்தக் கல்லை வைப்பார்கள். ஆள் செத்தாலும் கல் நகராது. கிரகத்தில் கதவு திறக்கும் அன்று கற்கள்தான் முதலில் இறங்கும். பிறகுதான் உயிரோடு இருப்பவர்கள். அவ்வளவுதான் மதம். பூசாரி இல்லை, வேண்டுதல் இல்லை, யாரும் யாரையும் முந்த முடியாது.

ஞானா பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. மண்ணூர்பேட்டையில் இரும்பு உருக்கி வார்க்கும் ஒரு ஃபவுண்டரியின் லேபில் வேலை. அதனால் கல்லில் என்னென்ன இருக்கும், எத்தனை கல், என்ன எடை என்பதெல்லாம் சேர்த்தே எழுதினாள். ஐயாயிரம் கல். கல்லுக்கு ஒரு கிலோ.

எட்டிப் பார்த்த அம்மா செலின், "மாதாவே! புது மதம் பண்றதுக்கா உன்னைக் காலேஜுக்கு அனுப்பினேன்?" என்று சிலுவை போட்டுக்கொண்டாள்.

இப்போது மாடியில் தேவராஜ் அந்த ஆறு பக்கத்தைக் கையில் வாங்கினான். "சாமி இருக்கா இல்லையாங்கறதை விடு வீரா. ஒருத்தன் செய்ய நினைச்சதைச் செய்யவிடாம நிறுத்தணும். அப்பதான் அது மதம். இல்லேன்னா செவுத்துல அடிச்ச சுண்ணாம்பு. பார்த்துடலாம்." பகடையை உள்ளங்கையில் குலுக்கினான். "கிரகம் தெரியுது. பிரேக் போடணும். எரிபொருள் பத்தாது. அஞ்சு டன் எடை குறைஞ்சாத்தான் கப்பல் நிக்கும். இல்லேன்னா தாண்டிப் போயிடும், அவ்ளோதான்."

மதுரைவீரன் தொடையில் தட்டிச் சிரித்தான். "அஞ்சு டன்னு! தங்கச்சியே எடை போட்டு ரெடியா வெச்சுகினு கீது மாமே! தூக்கிக் கடாசு அத்தினி கல்லையும்."

ஞானாவுக்குக் காது சுட்டது. உலகத்தில் வேறு யாராவது மதத்துக்கு எடை எழுதியிருப்பார்களா? அந்தோணி பாவமாக அவளைப் பார்த்தான். அந்தப் பார்வைதான் அவளை எழுப்பியது.

துணிப்பையைத் திறந்தாள். நிறத்தைக் காட்டுவதற்காக, ஃபவுண்டரி வாசலில் கொட்டிக் கிடந்ததிலிருந்து பொறுக்கி வந்த கசடுத் துண்டுகள் ஏழு இருந்தன. அவற்றைத் தரையில் வரிசையாக வைத்தாள்.

"எதை முதல்ல போடறீங்க?" என்றாள்.

"இன்னா?"

"ஒண்ணொண்ணாத்தானே தூக்கணும். எதை?"

"இதோ, இத்த." மதுரைவீரன் குந்தி உட்கார்ந்து கையை நீட்டினான்.

"அது வேம்புலியம்மாளோடது."

கை, கல்லுக்கு ஒரு சாண் மேலே நின்றது.

ஞானா நோட்டைப் புரட்டி வாசித்தாள். "பிப்ரவரி பதினாலு. மூணாவது அடுக்குல காத்து கசிஞ்சது. மெக்கானிக்கோட அம்மா வேம்புலியம்மாள் கதவை உள் பக்கமா பூட்டிக்கிட்டாங்க. வெளியே நாப்பது பேர் பொழைச்சாங்க. அவங்களைக் காப்பாத்த மெக்கானிக் பகடை உருட்டினாரு. ஒண்ணுதான் விழுந்துச்சு. காப்பாத்த முடியல."

அன்று மதுரைவீரன் டீயைக்கூடக் குடிக்காமல் போனது எல்லோருக்கும் ஞாபகம் வந்தது.

"அது ஆட்டம்," என்றான் மெதுவாக.

"இதுவும் ஆட்டந்தான் அண்ணா. தூக்குங்க."

"தூக்கறியா, இல்லியாடா?" என்றான் தேவராஜ்.

"உனுக்கு இன்னா அவசரம்? இரு." மதுரைவீரன் கையை இழுத்துக்கொண்டான். "கப்பல்ல நாம படுக்கற அலுமினியக் கட்டில் இன்னா எடை வரும்?"

"நாலு கிலோ," என்றான் தேவராஜ்.

"ஆயிரம் கட்டிலு. நாலு டன். எல்லாரும் தரையில படுக்கட்டும். இன்னும் ஒண்ணு வேணும்."

"கேப்டன் ரூம் செவுரு அரை டன் வரும். எடுத்துக்க," என்றான் அந்தோணி.

"மீதி அரை டன்னுக்கு என் டூல்ஸு. அத்தினியும்."

தேவராஜ் நிமிர்ந்தான். "டூல்ஸ் இல்லாம மெக்கானிக் கீழ எறங்கி என்னடா பண்ணுவே?"

"செஞ்சுக்குவேன். கை கீது இல்ல?"

தேவராஜ் தன் நோட்டில், கப்பலின் மதம் என்று எழுதி, பக்கத்தில் ஞானகுமாரி என்று எழுதினான். "மூணுக்கு மேல விழுந்தா கப்பல் நிக்கும். யார் உருட்டறது?"

மதுரைவீரன் கற்களையே பார்த்துக்கொண்டிருந்தான். "வேம்புலியம்மாளது தெரியும். கடைசியில கீதே, குட்டியா, அது யாருது தங்கச்சி?"

"என்னோடது," என்றாள் ஞானா. கீழே தெருவுக்கே கேட்டிருக்கும்.

அவன் பகடையை அவள் கையில் வைத்தான். பித்தளை சூடாக இருந்தது. உருட்டினாள். அது தண்ணீர்த் தொட்டியின் அடியில் மோதி, சுழன்று, ஆறில் நின்றது.

"நின்னுச்சு!" என்று அந்தோணி கத்தினான்.

கீழே லாரியின் ஹாரன் அடித்தது. குடங்கள் மோதும் சத்தம், செலின் மகனைப் பேர் சொல்லிக் கூப்பிடும் சத்தம். எல்லோரும் எழுந்தார்கள். கற்கள் மாடிப்படிக்குக் குறுக்கே கிடந்தன. மதுரைவீரன் லுங்கியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வரிசையைத் தாண்டாமல், கடைசிக் கல்லுக்கு அந்தப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு இறங்கிப் போனான்.