குரல் இருந்த டிரைவ்

கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில் ஒரே ஒரு வெள்ளை வரி. இயங்குதளம் கிடைக்கவில்லை என்றது. அணைத்துப் போட்டாள். மறுபடியும் அதே வரி.

அவள் கணவன் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளன். எந்த வண்டி எந்த மேடையிலிருந்து கிளம்பும் என்று ஊருக்கே சொன்ன தொண்டையில் கட்டி வந்துவிட்டது. அடுத்த வாரம் அறுவை சிகிச்சை, குரல்வளையை எடுத்துவிடுவார்கள். பிறகு அவன் தட்டச்சு செய்வதை அவன் குரலிலேயே பேசும் ஒரு கருவி உண்டாம். அதற்காகத்தான் வலியைப் பொறுத்துக்கொண்டு பேசிப் பேசிப் பதிந்து வைத்திருந்தான். எல்லாம் இந்தப் பெட்டிக்குள். டிஸ்கில் இடமில்லை என்று செய்தி வரவும், அவன் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த வேளையில், தானே சரிசெய்துவிடலாம் என்று இவள் உட்கார்ந்ததுதான் வினையாயிற்று.

கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் நாத்தனார் ஒருத்திதான். ஓர் அலுவலகத்தில் அதையே பராமரிப்பவள். "வேற டாக்டரைப் பாருங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே" என்று அவள் கத்திவிட்டுப் போனதிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. ரோஷம் பார்க்க இது நேரமில்லை. போன் போட்டாள்.

வந்தவள் பையைக்கூடக் கழற்றவில்லை. "அண்ணி, மறைக்காம சொல்லுங்க. எதைத் தொட்டீங்க?"

"டிஸ்க் செட்டிங்ஸ்ல அவர் குரல் இருக்கிற டிரைவ்ல 'ஆக்டிவ்'னு ஒண்ணு இருந்துச்சு. தூங்குறதை எழுப்புறதுன்னு நினைச்சு அமுக்கிட்டேன். எல்லாம் அழிஞ்சுபோச்சா?"

நாத்தனார் மூச்சை விட்டாள். "ஒண்ணும் அழியல. கம்ப்யூட்டர் எந்தப் பாகத்துலேர்ந்து எழுந்திரிக்கணும்னு சொல்ற அடையாளம் அது. அதைக் கொண்டுபோய்க் குரல் இருக்கிற இடத்துல வெச்சுட்டீங்க. அங்க கிளப்புறதுக்கு ஒண்ணும் இல்லாம முழிக்குது. நல்லவேளை, பயந்துபோய் ஃபார்மட் பண்ணல."

பென்டிரைவைச் செருகி, அதன் வழியே பெட்டியைக் கிளப்பி, அடையாளத்தைப் பழைய இடத்துக்கே மாற்றினாள். திரை நீலமாக விடிந்தது. ஒரு பதிவைத் தட்டினாள். 'மழை வரும் போலிருக்கிறது, குடை எடுத்துக்கொள்' என்றான் கணவன். இவள் நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள், அவள் விடுவித்துக்கொள்ளவில்லை.

அவன் வீடு திரும்பியதும் தங்கை விஷயத்தைச் சொன்னாள். "எங்க ஆபீஸ்லயும் இதே கூத்துதான் அண்ணா. மெயில் போட்டா யாரும் படிக்கிறதில்ல. நீ சொன்னா கேப்பாங்க. பேசிப் பதிஞ்சு தர்றியா?"

மனைவியைக் குறும்பாகப் பார்த்தபடி மைக்கை இழுத்துக்கொண்டான். கரகரப்பையும் மீறி அந்தப் பழைய கம்பீரம் எழுந்தது. "கணினி பயன்படுத்துவோரின் கனிவான கவனத்திற்கு. டிஸ்க் அமைப்புகளில் விவரம் தெரியாமல் எதையும் ஆக்டிவ் ஆக்க வேண்டாம். கம்ப்யூட்டர் கிளம்பாது. ஏற்கெனவே ஆக்கிவிட்டவர்கள் எதையும் அழிக்காமல், உடனே நாத்தனாரைத் தொடர்பு கொள்ளவும்."

மனைவி முந்தானையால் வாயைப் பொத்தியும் பயனில்லை. இரண்டு பெண்களின் சிரிப்பும் வெடித்து, பதிவாகும் ஒலியைத் திரையில் காட்டும் பச்சைக் கோடு மேலும் கீழுமாகத் துள்ளியது.

"ஐயோ, கெடுத்துட்டோம். அழிச்சுட்டு மறுபடி எடுக்கலாமா?" என்றாள் தங்கை.

அவன் தலையை ஆட்டி மறுத்தான். கோடு இன்னும் துள்ளிக்கொண்டிருந்தது.