சூர் கடற்கரையில் ஒரு கல்

1

இந்தக் கதை எனக்குச் சலவை அறையில் கிடைத்தது. மொன்றியலின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் நிலவறையில், உடுப்புக் காயும்வரை காத்திருந்தபோது, மூன்றாம் மாடி ஜெயனி தன் போனில் படங்களைக் காட்டினாள். ஓமான் நாட்டுக் கடற்கரை, கடலாமைகள், மரக்கலம் கட்டும் பழைய துறை, குன்றின்மேல் காவற்கோபுரம். சுற்றுலாப் படங்கள் என்றுதான் நினைத்தேன். அடுத்த படத்தில் மணலில் கல் அடுக்கிய ஒரு மேடு. பக்கத்தில் அவளுடைய பதினாறு வயது மகள் சாருஜா, முகத்தைப் பொத்திக்கொண்டு.

"இதை எழுதுங்கோ அண்ணை. ஆனா வடிவா எழுதாதேங்கோ," என்றாள் ஜெயனி.

2

வடிவாகத்தான் தொடங்கினேன். 'விடியலில் அரபிக் கடல் நீலப் பட்டுப் போல —'

வேண்டாம். ஜெயனியின் கணவன் தனோஜனைக் கொண்டுபோன கடல் அது. கைக்குழந்தையோடு அவள் அகதியாக இங்கே வந்துவிட, அவன் சூர் என்ற ஊரில், சுற்றுலாக்காரருக்கு டொல்பின் காட்டும் படகில் வேலை செய்தான். கனடாவுக்கு வர அவனுக்கு விசா கிடைக்கும் நேரம். ஒருநாள் படகு நடுக்கடலில் நின்றுபோனது. பிறகு படகு கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை.

(ஒரு வரைவில் அவன் பயணிகளைக் காப்பாற்றிவிட்டுச் சாகிறான். ஜெயனி அதை அடித்துவிட்டாள். "படகில ஒருத்தரும் ஏறேல்லை. டீசல் அடிக்கப் போனவர்.")

3

சென்ற ஆண்டு தாயும் மகளும் ஒரு சுற்றுலாக் குழுவோடு அங்கே போனார்கள். குழுவில் மற்ற எல்லோரும் ஓய்வுபெற்ற பிரெஞ்சுக்காரர்கள். விடியற்காலையில் ஆமைக் குஞ்சுகள் கடலுக்குத் தவழ்வதைப் பார்த்தார்கள். மிகச் சிலதான் தப்பும் என்றான் வழிகாட்டி. சாருஜா படம் எடுப்பதை நிறுத்திவிட்டாள்.

குழு மரக்கலத் துறைக்குப் போனபோது இவர்கள் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய் அன்டனைத் தேடிப் பிடித்தார்கள். மன்னார்க்காரன், தனோஜனோடு வேலை செய்தவன். சாருஜா தண்ணீர் வாங்கப் போன இடைவெளியில் அவன் சொன்னான்:

"அக்கா, பேந்து ஒரு சடலம் கரை ஒதுங்கினது. முகம் தெரியேல்லை. இஞ்சத்தை மீன்பிடிகாரர் கரை மணலிலயே தாட்டு, மேல கல் அடுக்கிவிட்டினம். தனோஜன் அண்ணையா இருக்கலாம். வேற ஆராயும் இருக்கலாம். அந்த வருசம் கனபேர் போனவை."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"என்னெண்டு சொல்லுறது அக்கா?"

அன்டன் கூட்டிப்போய்க் காட்டிய மேட்டின் முன் நின்று சாருஜா பிரெஞ்சில் கேட்டாள்: இவர்தானா?

"ஓம்," என்றாள் ஜெயனி.

(இந்த 'ஓம்' இவ்வளவு விரைவாக வருமா என்று எனக்குச் சந்தேகம். ஜெயனியிடமே கேட்டேன். "அவள் அழுறதுக்கு ஒரு இடம் வேணுமெண்டு நினைச்சன் அண்ணை.")

அதுவரை தகப்பனைப் பெயர் சொல்லியே குறிப்பிட்ட பெண், கற்கள்மேல் இரண்டு கைகளையும் வைத்து "அப்பா" என்றாள்.

4

மொன்றியல் திரும்பிய சாருஜா சனி, ஞாயிறுகளில் தெப்பனர் என்று இங்கே சொல்லும் ஒரு மூலைக்கடையில் கல்லாவில் நின்றாள். சேர்த்ததை அன்டனுக்கு அனுப்பினாள். மேட்டில் தனோஜன் பெயர் வெட்டிய கல் எழும்பியது.

போன மாதம் அன்டன் அழைத்தான்.

"அக்கா, வங்காளதேசத்தில இருந்து ஒரு அம்மா வந்திருக்கிறா. அவவின்ர மகனும் அந்த வருசம் கடலில போனவனாம். கல்லில இருக்கிற பேரைத் தடவித் தடவிப் பாக்கிறா. தோண்டி எலும்பில டி.என்.ஏ. சோதிக்கலாமெண்டு பொலிஸ் சொல்லுது. ஆனா உங்கட ஆளின்ர பேரில கல்லு நிக்குது. உங்கட சம்மதம் இல்லாமல் திறக்கமாட்டினமாம்."

5

ஜெயனி குசினியில் வைத்து மகளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். 'சாருஜாவின் கண்கள் —'

இல்லை. அவள் கேட்டதை மட்டும் எழுதுகிறேன்.

"அப்ப நான் ஆரைத் தொட்டு அழுதனான்?"

அன்று மாலையே புவாண்ட்-கிளேர் புறநகரில் இருக்கும் தோழி வீட்டுக்குப் போய்விட்டாள். தாயின் அழைப்புகளை எடுக்கவில்லை. சில நாள் கழித்து வந்தவள் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று சொன்னாள்:

"திறக்கச் சொல்லுங்கோ."

ஜெயனி சம்மதம் சொன்னாள். மேட்டைத் திறந்துவிட்டார்கள். முடிவு இன்னும் வரவில்லை.

6

ஆகவே முடிவுகளை நான் எழுதிப் பார்த்தேன். ஜெயனிக்கு வாசித்தும் காட்டினேன்.

அ. அது தனோஜன்தான். கல்லை மறுபடி நடுகிறார்கள். அந்தத் தாய் வெறுங்கையோடு ஊர் திரும்புகிறாள்.

ஆ. அது அவளுடைய மகன். சாருஜா வாங்கிய கல்லை அன்டன் தோளில் சுமந்துபோய்ப் படகுக் கொட்டிலில் சாத்தி வைக்கிறான்.

இ. அது இரண்டு பேரும் இல்லை. அப்படியானால் அந்த மேட்டில்

"மூண்டாவதை ஏன் பாதியில விட்டனீங்கள்?"

"எழுத ஏலாமல் போச்சு."

"எனக்கு ஒவ்வொரு நாளும் அதுதான் வருது அண்ணை."

அந்த மகனின் பெயர் என்ன என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. இவ்வளவு நாளும் கேட்கத் தோன்றவில்லை என்று சொல்லிக்கொண்டே அன்டனை அழைத்தாள். அவன் சொன்னதை இரண்டு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்தாள்.

"கதையில போடாதேங்கோ. அவன்ர தாயைக் கேக்கேல்லைத்தானே."

எனவே முடிவை உங்களிடம் தருகிறேன். எதை வேண்டுமானாலும் தேர்ந்துகொள்ளுங்கள். எதைத் தேர்ந்தாலும் ஒருவனாவது கரையில்லாமல் போவான். தேர்ந்துகொள்ளுமுன் இரண்டு பேரின் பெயரையும் ஒருமுறை சொல்லிவிடுங்கள். ஒன்று, தனோஜன். மற்றதற்கு, அந்தத் தாயைக் கேட்கும்வரை, இடம் விட்டிருக்கிறேன்:

(                    )