மைனஸ் அறுபது

துணைமின்நிலையத்தில் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் பிரேக்கருக்குள் இருக்கும் வாயுவின் ஈரத்தை அளக்க அவள் கருவியை மாட்டியதுமே, ஈரம் பனியாகும் வெப்பநிலை மைனஸ் அறுபது டிகிரி என்று காட்டியது. சூப்பர்வைசர் பேனாவை நீட்டினார்.

"நல்லா காஞ்சிருக்கு. கையெழுத்தப் போடும்மா."

"இது கருவிக்குள்ள முன்னாடியே இருந்த காஞ்ச காத்து சார். பிரேக்கர் வாயு இன்னும் வந்து சேரல."

"நாலெழுத்து படிச்சா ஊரையே இருட்டுல வைப்பியா?"

அவள் எண்ணையே பார்த்தாள். அது மைனஸ் இருபதைத் தாண்டி ஏறினால் ஈரம் அதிகம். மின்சாரம் பாய்ந்ததும் பிரேக்கர் வெடிக்கலாம். மின்சாரத்தை விட அதன் கைப்பிடியைப் பிடித்து நின்றவர், அங்கேயே வேலை பார்க்கும் அவள் அப்பா.

மைனஸ் நாற்பது. இருபத்தைந்து. பன்னிரண்டு.

"அப்பா, கைய எடுங்க."

அப்பா வழக்கம்போல் சூப்பர்வைசரின் முகத்தைப் பார்த்தார்.

"அவரு மூஞ்சிய ஏம்பா பாக்கறீங்க? மீட்டர் என் கையில இருக்கு."

அப்பா கையை எடுத்தார்.